சிவப்பு அட்டை எலிகள் மட்டும் ஏன் தேறின

அம்பிகாவுக்கு யாரையும் சட்டென்று நம்புகிற வழக்கம் கிடையாது. விழுப்புரம் மார்க்கெட்டில் தக்காளி வாங்கினால், கல்லூரிக்கு எடுத்துப்போய் ஆய்வுக்கூடத் தராசில் ஒரு தரம் வைத்துப் பார்ப்பாள். மறுநாள் அதே கடைக்குப் போய், "நேத்து நாப்பது கிராம் கொறைஞ்சுதுங்க" என்பாள். கடைக்காரர் பச்சைமுத்து அவளைத் தூரத்தில் பார்த்ததுமே பக்கத்துக் கடையில், "தோ வருது பாரு, நடக்குற தராசு" என்று முணுமுணுப்பார். அது அவள் காதில் விழத்தான் செய்யும். விழுந்தால் என்ன, அடுத்த நாளும் நிறுத்துத்தான் பார்ப்பாள்.

அப்படிப்பட்டவள் கையில்தான் 2006-ஆம் வருஷம் அந்த எலி வேலை வந்து சேர்ந்தது.

திண்டிவனத்தில் ஒரு மருந்தியல் கல்லூரி. அங்கே சுதாகர் என்று ஒருவன், பாடம் நடத்திக்கொண்டே பி.எச்டி.க்காக மூன்று வருஷமாய் எலிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். மயிலம் பக்கத்துக் கரம்பில் படர்கிற கசப்புக் கொடி ஒன்று. ஊர்க்காரர்கள் பேய்க்கசப்பான் என்பார்கள். அதன் சாறுதான் அவன் ஆராய்ச்சி. காசநோய் மாத்திரை தின்றால் சிலருக்குச் சோறு இறங்காது, உடம்பு இளைத்துக்கொண்டே போகும். எலிக்கும் அப்படித்தான். சுதாகர் எல்லா எலிகளுக்கும் அந்த மாத்திரையைக் கரைத்துக் கொடுத்தான். பாதி எலிகளுக்கு அதோடு கொடிச்சாறு, மீதிப் பாதிக்கு வெறும் தண்ணீர். இருபத்தெட்டு நாள் கழித்து நிறுத்துப் பார்த்தால், தண்ணீர் குடித்தவை வற்றிப்போய்க் கிடந்தன. சாறு குடித்தவை கொழுகொழுவென்று திரிந்தன. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை அப்படி வந்தது.

புதுச்சேரி மருந்துக் கம்பெனி ஒன்று மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தது. இனி எலி எதற்கு, நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்க்கலாம் என்றார்கள். அவர்களில் விவரம் தெரிந்த ஒருவர் மட்டும், "வேற எடத்துல வேற ஆளு செஞ்சும் இதே மாதிரி வந்தா மேல போவலாம்" என்று ஒரு கட்டையைப் போட்டார். பல்கலைக்கழகக் குழுவும் அதுதான் சரி என்றது. வேற இடம் என்றால் விழுப்புரத்துக் கல்லூரி. வேற ஆள் என்றால் அங்கே விரிவுரையாளராக இருந்த அம்பிகா.

அவள் கூண்டு கழுவுகிற வேலையைக் கூட இன்னொருத்தர் கையில் விடவில்லை. தீனி வைத்தது, தண்ணீர் மாற்றியது, சாறு கொடுத்தது, நிறுத்தது, எழுதியது எல்லாம் அவளே. இருபத்தெட்டாம் நாள் பார்த்தால் சாறு குடித்த எலியும் இளைத்திருந்தது, தண்ணீர் குடித்த எலியும் இளைத்திருந்தது. ஒன்றுக்கொன்று வித்தியாசமே இல்லை. மறுபடி முதலிலிருந்து செய்தாள். மறுபடியும் அதேதான்.

அப்போதுதான் அவளுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. சுதாகர் எண்களை உட்கார்ந்த இடத்திலேயே எழுதியிருந்தால்?

வராமல் என்ன செய்யும்? இரண்டு பேரும் பி.பார்ம். ஒன்றாகப் படித்தவர்கள். இரண்டாம் வருஷம் செய்முறைத் தேர்வில், சுதாகர் பியூரெட் குழாயைத் திறப்பதற்கு முன்னாலேயே பன்னிரண்டு புள்ளி நாலு என்று விடையை எழுதிவைத்துவிட்டு, பிறகு சாவகாசமாகக் குழாயைத் திறந்ததை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் செய்தார்கள் என்பது வேறு விஷயம். அவள் ஞாபகத்தில் தங்கியது சுதாகர்தான்.

இன்னும் பத்து நாளில் குழுவுக்கு அறிக்கை போக வேண்டும். "திரும்பச் செய்தேன், வரவில்லை" என்று அவள் ஒரு வரி எழுதினால் போதும், சுதாகர் மேல் விசாரணை வரும். பொய்க் கணக்கு எழுதியவன் என்று பேர் வந்தால் பட்டம் போகும், வேலை போகும், அதற்கப்புறம் எந்தக் கல்லூரி வாசலிலும் நிற்க முடியாது. எழுதாமல் மழுப்பினாலோ, அந்தச் சாறு நோயாளிகள் வாய்க்குப் போகும்.

சுதாகரின் வழிகாட்டி பேராசிரியர் தட்சிணாமூர்த்தி போனில் பிடித்தார். தேன் தடவின குரல்.

"என்னம்மா அம்பிகா, எலிங்களுக்கு விழுப்புரம் தண்ணி ஒத்துக்கலையா?"

"தண்ணி நல்லாத்தான் இருக்குது சார். நானும் அதத்தான் குடிக்கிறேன்."

"இல்லம்மா, எலின்னா முன்ன பின்ன இருக்கும். சூழ்நிலை வேறுபாடுன்னு ஒரு வார்த்தை போட்டுடு. யாருக்கும் பேஜாரு இல்ல பாரு."

"யாருக்கு சார் பேஜாரு இல்ல?"

அவர் சிரித்தார். ஏன் சிரித்தார் என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் திங்கட்கிழமை, மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, காலை பஸ்ஸில் திண்டிவனத்துக்குக் கிளம்பினாள். கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றபோது ஒரு டீ குடித்தாள். அதற்குள் சுதாகரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் பதினான்கு ஆகியிருந்தன.

சுதாகர் அவளை வாசலிலேயே எதிர்கொண்டான்.

"வா தாயே. சி.பி.ஐ. தனியா வந்துச்சா, இல்ல பின்னால ஜீப்பு வருதா?"

"பதிவேடு எங்க?"

"தண்ணி கிண்ணி குடிக்க மாட்டியா?"

"பதிவேட்டக் குடு, அப்பறம் குடிக்கிறேன்."

பதிவேட்டைப் பிரித்ததும் அவளுக்குச் சந்தேகம் கூடியதே தவிர, குறையவில்லை. மூன்று மாதப் பக்கங்களும் ஒரே பேனா, ஒரே மை. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. எலிக்கூடத்தில் நின்று எழுதுகிறவன் நோட்டு அப்படி இருக்காது. ஒரு பக்கமாவது ஈரம் பட்டிருக்கும், ஒரு எண்ணாவது கோணியிருக்கும். அதோடு எடைகளைப் பார்த்தாள். நூற்று ஐம்பத்தைந்து, நூற்று அறுபது, நூற்று நாற்பத்தைந்து. எல்லாம் ஐந்தில் முடிந்தது, இல்லாவிட்டால் சைபரில் முடிந்தது.

"உங்க ஊரு எலிங்க நூத்தி அம்பத்தேழு கிராம் இருக்கவே இருக்காதா?"

சுதாகர் முகம் சிவந்தது. உள்ளே போய் ஒரு பழைய தராசைத் தூக்கி வந்து மேஜை மேல் டொம்மென்று வைத்தான். முள் தராசு. அதில் கோடுகளே ஐந்து ஐந்து கிராமுக்குத்தான் இருந்தன.

"எலக்ட்ரானிக் தராசு ரிப்பேர் ஆகி ஒரு வருஷம் ஆவுது. நான் இன்னா பண்ணட்டும், நடுவுல பேனாவால கோடு போடட்டுமா?"

"சரி. ஒரே பேனா?"

"ஃபேர் காப்பி அது. தட்சிணாமூர்த்தி சாருக்கு அழகா இருக்கணும்."

"அப்ப ஒரிஜினலு?"

அவன் தயங்கினான். அந்தத் தயக்கத்தை அவள் விடுவாளா? "இல்லியா?" என்றாள்.

"இருக்குது. மூக்கப் பொத்திக்கோ."

பாலிதீன் பையில் சுற்றி வைத்திருந்த நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தான். அட்டையில் எலி மூத்திரம் காய்ந்து மஞ்சள் பாரித்திருந்தது. ஓரங்களை எலி கொறித்திருந்தது. ஆனால் உள்ளே எண்கள் இருந்தன. பென்சிலும் பேனாவுமாக, கோணல்மாணலாக, தேதி போட்டு. அம்பிகா முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு இரண்டு நோட்டையும் பக்கம் பக்கமாக ஒத்துப் பார்த்தாள். மத்தியானச் சோற்றைக் கூட விட்டுவிட்டாள். மாலை நாலு மணிக்குக் கடைசிப் பக்கத்தை மூடினாள். ஒரு எண் கூட மாறவில்லை.

"இன்னா, ஏமாத்தமா இருக்குதா?" என்றான் சுதாகர். "நான் கேக்கட்டுமா ஒரு கேள்வி? போன வருஷம் நீயும் நானும் ஒரே போஸ்டுக்கு இண்டர்வியூ போனோம். அது இன்னும் காலியாத்தான் கெடக்குது. நான் மாட்டிக்கினா ஆருக்கு வசதி?"

அம்பிகாவுக்குச் சுரீர் என்றது. தன்னையும் ஒருத்தன் தராசில் வைக்கிறான் என்பது அதுவரை அவளுக்குத் தோன்றவே இல்லை.

"அப்படி நெனச்சா நாளையிலேர்ந்து நான் செய்யறத நீயும் பாரு. நீ செய்யறத நான் பாக்கறேன்."

"பாரேன். புது பேட்ச் ஆரம்பிச்சு ஏழு நாள் ஆவுது. இப்பவே செவப்பு அட்டை எலிங்க தேறிக்கினு வருது. வந்து கண்ணால பாரு."

மறுநாள் காலை எட்டு மணிக்கே எலிக்கூடத்தில் போய் நின்றாள். இரண்டு பக்கமும் கூண்டு வரிசை. தண்ணீர் குடிக்கிற எலிகளின் கூண்டுக்கு வெள்ளை அட்டை, சாறு குடிக்கிறவற்றுக்குச் சிவப்பு அட்டை. நடுவில் பக்கெட்டும் கையுமாக லூர்துமேரி.

லூர்துமேரி கிளியனூர்க்காரி. நாற்பத்தைந்து வயதிருக்கும். அறுவடைக்கும் நடவுக்கும் போய்க்கொண்டிருந்தவள், எலிக்கூடத்து வேலைக்கு வந்து பதினொரு வருஷம். எலியைப் பிடிக்கிற லாவகம் அவளை மாதிரி யாருக்கும் வராது. பேசிக்கொண்டே கையை விட்டு ஒன்றைத் தூக்குவாள், அது குழந்தை மாதிரி தொங்கும். அம்பிகா கேட்ட கேள்விக்கெல்லாம் நிமிர்ந்து பார்க்காமலே பதில் சொன்னாள்.

"எந்த எலிய எந்தக் கூண்டுல போடணும்னு ஆரு முடிவு பண்றது?"

"நான்தான். கைக்கு வர்றத எடுத்துப் போடுவேன்."

அம்பிகா கண்ணைச் சுருக்கினாள். "நல்ல எலியாப் பாத்து செவப்புல போடுவீங்களா?"

"எலில இன்னா மேடம் நல்ல எலி கெட்ட எலி? கடிக்கிற எலி, கடிக்காத எலி, அம்புட்டுதான்."

முதல் நாள் எடைகளை எடுத்து இரண்டு பக்கமும் கூட்டிப் பார்த்தாள் அம்பிகா. சமமாகத்தான் ஆரம்பித்திருந்தன. தீனி மூட்டையைப் பார்த்தாள், ஒரே மூட்டை. தண்ணீர், ஒரே குழாய். கூண்டுக்கு அடியில் போடுகிற உமி, அதுவும் ஒரே சாக்கு. லூர்துமேரி எலியைப் பிடித்துக்கொள்ள, சுதாகர் வளைந்த ஊசிக்குழாயை அதன் வாய்க்குள் விட்டுச் சாற்றை ஏற்றினான். அளவு துல்லியம். பத்து மணிக்கு வகுப்புக்கு ஓடினான். மத்தியானம் வரைக்கும் அம்பிகா நகரவில்லை. செவ்வாய்க்கிழமை முழுக்க இப்படியே போயிற்று. தப்பு என்று ஒன்றும் அகப்படவில்லை.

ஒன்றே ஒன்று உறுத்தியது. லூர்துமேரி அன்றைக்கு அம்பிகாவை நாலைந்து தடவை ஓரக்கண்ணால் பார்த்தாள். "மேடம் டீ குடிக்கப் போவலியா?" என்று இரண்டு தடவை கேட்டாள். "வெளிய காத்தாட நிக்கலாமே, நாத்தமா இருக்குதே" என்று ஒரு தடவை.

ஒருத்தி தன்னை வெளியே அனுப்பப் பார்க்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? பேராசிரியர் சொல்லி வைத்திருக்கிறாரா? சாறு எலிகளை இடையில் மாற்றுகிறாளா? உதிரி எலிகள் பின்னறையில் இருபது இருந்தன. வற்றின எலியை எடுத்துவிட்டுக் கொழுத்த எலியை வைத்தால் யாருக்குத் தெரியும்? அம்பிகாவுக்கு இப்போது சுதாகரை விட இவள் மேல் சந்தேகம் வலுத்தது. மாலையில் யாரும் இல்லாத நேரம், சிவப்பு அட்டை எலிகளின் வால் நுனியில் பேனாவால் கண்ணுக்குத் தெரியாத மாதிரி ஒவ்வொரு புள்ளி வைத்துவிட்டுப் போனாள். புதன்கிழமை காலை வந்து பார்த்தால் எல்லாப் புள்ளியும் இருந்தது. ஒரு எலியும் மாறவில்லை.

அன்று சாறு ஏற்றி முடித்து சுதாகர் வகுப்புக்குப் போனதும் அம்பிகா எழுந்தாள். "நான் போயி டீ குடிச்சுட்டு வர்றேன் லூர்துக்கா. அரமணி ஆவும்" என்று சத்தமாகச் சொன்னாள். கதவைத் தாண்டி, புட்டி கழுவுகிற அறைக்குள் நுழைந்தாள். அந்த அறைக்கும் எலிக்கூடத்துக்கும் நடுவில் கம்பிவலை ஜன்னல். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள். படித்த பெண் இப்படி ஒளிந்து நிற்பது அவளுக்கே கேவலமாகத்தான் இருந்தது. ஆனாலும் நின்றாள்.

லூர்துமேரி வாசலை எட்டிப் பார்த்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளங்கை நிறைய மல்லாட்டைப் பருப்பு, உரித்த வேர்க்கடலை. தோலை ஊதிவிட்டு, சிவப்பு அட்டைக் கூண்டின் முன்னால் குந்தினாள்.

"வாடா கண்ணு வா. நேத்திக்கு அந்தம்மா எழுந்துக்கவே இல்ல, நான் இன்னா பண்ணட்டும்? இந்தா. ஏய் மொட்டவாலு, அது அதோடது, புடுங்காத. கசக்குதா? கசக்குந்தான். மெல்லு, போயிடும்."

எலிகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றன. அவளுக்காகவே காத்திருந்த மாதிரி. ஒவ்வொன்றுக்கும் எண்ணி நாலு பருப்பு. சிவப்பு அட்டைக் கூண்டுகள் எல்லாம் முடிந்ததும் முந்தானையை உதறிக் கட்டிக்கொண்டாள். வெள்ளை அட்டைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அம்பிகா செருப்பைக் கையில் பிடித்தபடியே உள்ளே வந்தாள்.

லூர்துமேரி சட்டென்று எழுந்தாள். "அய்யோ, மாதாவே! மேடம், சத்தியமா திருடல. எங்க வூட்டு மல்லாட்டை. நெலத்துல பொறுக்கினது."

"திருடினீங்கன்னு நான் சொல்லல. ஏன் குடுத்தீங்க?"

"இன்னா மேடம் இப்புடிக் கேக்கற? அந்தக் கசப்ப நீ நாக்குல வெச்சுப் பாத்துக்கிறியா? நான் வெச்சேன், மொத வருஷம். ரெண்டு நாளு சோறு எறங்கல. புள்ளைங்களுக்குக் கசாயம் குடுத்தா வாய்க்கு எதனா குடுக்காமயா வுடுவோம்? வாயில்லாத ஜீவன், அதுக்கு மட்டும் வாயி கசக்காதா?"

"அப்ப அந்தப் பக்கம் இருக்கறதுங்க?"

"அதுங்க பச்சத்தண்ணி தானே குடிக்குதுங்க. அதுங்களுக்கு எதுக்கு?"

அம்பிகா அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். மாத்திரை தின்று தீனியை முகர்ந்தும் பார்க்காத எலிக்கு, தினம் நாலு மல்லாட்டைப் பருப்பு. அதுவும் ஒரு பக்கத்துக்கு மட்டும். இருபத்தெட்டு நாள். தேறாமல் என்ன செய்யும்? விழுப்புரத்தில் அவள் யாரையும் கூண்டுக்குப் பக்கத்தில் விடவில்லை, அவளுக்கு எலிக்குக் கசக்குமே என்று தோன்றவும் இல்லை. அதனால்தான் அங்கே வித்தியாசம் வரவில்லை.

"சுதாகர் சாருக்குத் தெரியுமா?"

"சாருக்கா? ஒரு தபா கேப்பைக் கூழு வெச்சதுக்கே, தீனியத் தவிர எதுவும் வெக்கக் கூடாதுன்னு குதிச்சாரு. அதான் அவரு கெளாஸுக்குப் போனப்பறம் குடுக்கறது. இது தீனியா மேடம்? வாய் மாத்தறதுக்கு."

விஷயத்தைக் கேட்டதும் சுதாகர் முதலில் சிரித்தான். கையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். "பாத்தியா? நான் பொய் எழுதல! பாத்தியா?" என்றான். அப்புறம் சிரிப்பு நின்றது. மூன்று வருஷம். கொடிக்காக மயிலம் கரம்பில் திரிந்தது, சாறு காய்ச்சியது, எலி கடித்து வீங்கின விரல். அவன் மூன்று வருஷமாக ஆராய்ந்தது பேய்க்கசப்பானை இல்லை, மல்லாட்டையை.

"இத நான் எப்புடி நம்பறது?" என்றான் திடீரென்று. "நீ வந்த மூணாவது நாளு அவ மல்லாட்டை குடுக்கறா. நீயே சொல்லிக் குடுக்க வெச்சிருந்தா?"

அம்பிகாவுக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் அவன் இடத்தில் இருந்திருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பாள். "நம்பாத. செஞ்சு பாரு" என்றாள்.

"வெளிய சொன்னா சிரிப்பாங்கடி. மல்லாட்டைக் கத வுட்டான்னு சிரிப்பாங்க."

"அதான் சொல்றேன், செஞ்சு பாரு. நாலு பங்கா. சாறும் மல்லாட்டையும், வெறும் சாறு, தண்ணியும் மல்லாட்டையும், வெறும் தண்ணி. எந்த சீசால சாறு, எந்த சீசால தண்ணின்னு உனக்கும் தெரியக் கூடாது, லூர்துக்காவுக்கும் தெரியக் கூடாது. எனக்குத் தெரியும், ஆனா நான் கூண்டத் தொட மாட்டேன்."

"நீ எடைய மாத்தி எழுதிட்டா?"

"ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் வர்றேன். ரெண்டு பேரும் நிப்போம், ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம். எந்த சீசா எதுன்னு ஒரு சீட்டுல எழுதி, கவர்ல ஒட்டி, ஒட்டின எடத்துல நீ கையெழுத்துப் போடு. கவரு எங்கிட்ட இருக்கும். பிரிச்சிருந்தா தெரிஞ்சுடும் இல்ல?"

குழுவிடம் அம்பிகா இரண்டு மாதம் அவகாசம் வாங்கினாள். விழுப்புரத்திலிருந்து தன் தராசையே பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். அதற்குள் ஒரு சிக்கல் கிளம்பியது. தண்ணீரில் மிட்டாய்க்கடைப் பச்சைப் பவுடரைக் கலந்து சாறு நிறத்துக்குக் கொண்டுவந்திருந்தாள். லூர்துமேரி புட்டியைத் தூக்கினதும், "இது தண்ணி மேடம்" என்றாள்.

"எப்புடித் தெரியும்?"

"மோந்தா தெரியாதா?"

"எலிக்கூடத்துல போலீஸு நாய வெச்சிருக்கோம் பாரு" என்றான் சுதாகர். கடைசியில் எல்லாப் புட்டியிலும் ஒரே அளவு ஓமவாட்டரை ஊற்றினார்கள். லூர்துமேரி நாலைந்து தரம் முகர்ந்து பார்த்துவிட்டு, "எல்லாம் வயித்துவலி மருந்தா இருக்குது" என்று தோற்றுப்போனாள்.

இந்தத் தடவை எந்தக் கூண்டுக்கு எந்த எலி என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். எந்தக் கூண்டுக்கு மல்லாட்டை என்று எண் போட்டுச் சுவரில் ஒட்டினார்கள். முதல் இரண்டு நாள் லூர்துமேரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "கசப்புக் குடிச்சதுக்கும் இல்லன்னா எப்புடி சார்? பாவம் புடிச்சுக்கும்" என்றாள். ஆனால் எது கசப்புக் குடித்தது என்று அவளுக்குத் தெரியவில்லை, அதனால் சுவரைப் பார்த்துக் கொடுத்தாள். சனிக்கிழமைகளில் அம்பிகா வந்தாள். சுதாகர் எலியைத் தராசில் வைக்க, முதலில் இவள் படிப்பாள், பிறகு அவன் படிப்பான். ஒருவர் படிக்கும்போது மற்றவர் தோள் மேல் எட்டிப் பார்ப்பார்கள். ஒரு தடவை அவள் "நூத்தி நாப்பத்தெட்டு" என்றதும், அவன் குனிந்து தராசின் அடியில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தான்.

"இன்னாடா தேடற?"

"ஒண்ணும் இல்ல. எலிப்புழுக்க."

இருபத்தெட்டாம் நாள் கவரைப் பிரித்தார்கள். சுதாகர் முதலில் ஒட்டின இடத்தில் தன் கையெழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கோடு உடையவில்லை. பிரித்துச் சீட்டைப் படித்தான். அம்பிகா எண்களைக் கூட்டினாள். மல்லாட்டை தின்றவை, சாறு குடித்திருந்தாலும் தண்ணீர் குடித்திருந்தாலும் தேறியிருந்தன: ஒன்றில் சராசரி பதினொரு கிராம், இன்னொன்றில் பன்னிரண்டு. மல்லாட்டை தின்னாதவை, சாறோ தண்ணீரோ, பதினெட்டுப் பத்தொன்பது கிராம் இளைத்துக் கிடந்தன. கொடிச்சாறு ஒன்றும் செய்யவில்லை. நல்லதும் செய்யவில்லை, கெட்டதும் செய்யவில்லை.

சுதாகர் அந்தக் கூட்டலைத் தானும் ஒரு தடவை போட்டுப் பார்த்தான்.

பேராசிரியர் தட்சிணாமூர்த்தி இரண்டு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். இந்தத் தடவை தேன் குரல் இல்லை, வேலை முடிக்கிற குரல்.

"தப்பு கூண்டு வேலைக்காரி மேல. சுதாகர் தெளிவா சொல்லியிருக்கான், தீனியத் தவிர எதுவும் குடுக்கக் கூடாதுன்னு. மீறியிருக்கா. அத எழுதுங்க. அவள நிறுத்திடலாம். சுதாகர் கை சுத்தம், கமிட்டி ஒரு வருஷம் டைம் குடுக்கும், வேற எதனா செடியப் புடிச்சுக்கலாம். என்ன?"

சுதாகருக்குத் தப்பிக்க அதைவிட நல்ல வழி கிடையாது. அது அம்பிகாவுக்கும் தெரியும். வாசலுக்கு வெளியே பக்கெட் சத்தம் கேட்டது. லூர்துமேரி வராந்தாவைக் கடந்து போனாள்.

அறிக்கையை அம்பிகா பக்கத்து வகுப்பறையில் உட்கார்ந்து எழுதினாள். இரண்டு பக்கம். சாற்றால் எலிகள் தேறவில்லை என்றும், முதல் மூன்று தடவையும் எடைகள் உண்மையாகவே நிறுத்து எழுதப்பட்டவை என்றும், அசல் நோட்டைத் தானே ஒத்துப் பார்த்ததாகவும் எழுதினாள். பேர் போடும் இடத்தில் இரண்டு கோடு இழுத்தாள். ஒன்றின் மேல் தன் கையெழுத்தைப் போட்டு, தாளை அவன் பக்கம் தள்ளினாள்.

சுதாகர் ஒரு தடவை படித்தான். மறுபடி முதலிலிருந்து படித்தான். எங்காவது ஒரு வார்த்தையைச் செருகித் தன்னை மாட்டிவிட்டிருக்கிறாளா என்று தேடுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. இரண்டாவது பக்கத்தில் அவன் விரல் நின்றது. வாய்விட்டுப் படித்தான்:

"'எந்தக் கூண்டுக்குக் கசப்பு மருந்து போகிறது என்று கூண்டுப் பணியாளருக்குத் தெரியும்படி, சிவப்பு அட்டை, வெள்ளை அட்டை போட்டு வைத்தது ஆராய்ச்சி செய்த நாங்கள். தெரியாமல் இருந்திருந்தால், அவர் கொடுத்தது எல்லாக் கூண்டுக்கும் ஒரே மாதிரி போயிருக்கும்.' நாங்கன்னா ஆரு?"

"கீழ கையெழுத்துப் போடறவங்க."

"நீ அட்டையே போடலியே. அட்டை போட்டது நான்."

"என் கூண்டுலயும் அட்டை இருந்துச்சு. செவப்பு, வெள்ள. என் எடத்துல லூர்துக்கா இல்ல, அவ்ளோதான்."

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். இன்னும் நம்பினானா என்று சொல்ல முடியாது.

"தட்சிணாமூர்த்தி சாரு என்னிய வுட மாட்டாரு."

"வுட மாட்டாருதான்."

"நீ வேற ஆள்கிட்ட கையெழுத்து வாங்கிக்கினு, என் பேர எடுத்துட்டு அனுப்பினா?"

"அனுப்பலாம். அப்ப எண்ணெல்லாம் நெசமா நிறுத்ததுன்னு சொல்றதுக்கு நீ இருக்க மாட்ட."

சுதாகர் பேனாவை எடுத்தான். மூடியைக் கழற்றிவிட்டு, முதல் பக்கத்துக்குப் போய் மூன்றாவது தடவையாகப் படிக்க ஆரம்பித்தான். அம்பிகா அவசரப்படுத்தவில்லை. எதிரே உட்கார்ந்து, அவன் ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டுக்கொண்டு போவதைப் பார்த்தாள். கடைசி வரிக்கு வந்ததும், அவன் தன் பேரை முழுசாக, இனிஷியலோடு, தேதி போட்டு எழுதினான்.

எழுதிவிட்டு, தாளை அவளிடம் கொடுக்கவில்லை. "ஜெராக்ஸ் எடுத்துக்கினு தர்றேன்" என்றான்.

"நானும் கூட வர்றேன்" என்றாள் அம்பிகா.